பூட்டு டப்பாவில் 8 லீவர், ஈ.என் 1303, கிரேடு 2: எதை நம்பி வாங்குவது?

முத்துநகர்வாசி (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தூத்துக்குடியில் வீட்டு வேலை முடிகிற கட்டம். கடல் ஒரு கிலோமீட்டர்தான். தலைவாசல் ஒற்றைக் கதவு, தேக்கு, 38 மி.மீ. கனம், உள்பக்கமாகத் திறக்கும். நிலை வேங்கை, 5க்கு 3 இஞ்ச். பின்வாசலுக்கு 32 மி.மீ. ஃபிளஷ் டோர். கதவில் இன்னும் எந்தத் துளையும் போடவில்லை. பூட்டு முடிவானதும் ஆசாரி வருவார்.

கடையில் மூன்று எடுத்து வைத்தார்கள்.

ஒன்று, 8 லீவர் மார்ட்டிஸ் பூட்டு, கதவுக்குள் குடைந்து வைப்பது. டப்பாவில் வேறு எந்த எண்ணும் இல்லை.

இரண்டு, சிலிண்டர் போட்ட மார்ட்டிஸ் செட். "ஈ.என் 1303" என்று போட்டு, கீழே 1 6 0 0 0 ஏ 5 0 என்று இருக்கிறது. கடைக்காரர் அந்த 6-ஐக் காட்டி "இதுதான் சார் ஹையஸ்ட் கிரேடு" என்கிறார்.

மூன்று, வெளிநாட்டு டெட்போல்ட், உருண்டைத் துளை போட்டு மாட்டுவது. "ஆன்சி கிரேடு 2" என்று இருக்கிறது.

மூன்றும் மூன்று கணக்கு பேசுகின்றன. எது எதற்கு மேல்? உள்பக்கம் சாவியா, குமிழா? வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். மாமாவோ, "இதெல்லாம் எதுக்குவே, ஆல்டிராப் மாட்டி ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிடு, புவிசார் குறியீடு வாங்குன பூட்டு" என்கிறார்.

சாவிக்கொத்து

மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. லீவர் எண்ணிக்கை என்பது பூட்டுக்குள் எத்தனை தகடு என்ற கணக்கு, தரச்சான்று கிடையாது. ஈ.என் 1303 என்பது ஐரோப்பியத் தரம், சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் சோதிப்பது. ஆன்சி கிரேடு அமெரிக்கத் தரம், நிலைக்குள் போகும் நாக்கு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்த முழுப் பூட்டையும் சோதிப்பது. முதலில் உங்கள் இரண்டாவது டப்பாவைப் படிப்போம், ஏனென்றால் அங்கேதான் கடைக்காரர் உங்களுக்குத் தவறான இடத்தைக் காட்டியிருக்கிறார்.

ஈ.என் 1303 குறியீட்டில் எட்டு இடங்கள். முதலாவது பயன்பாட்டு வகை, எல்லாவற்றிலும் 1 தான். இரண்டாவது உழைப்பு: 4 என்றால் 25,000 தடவை திறந்து மூடும் சோதனை, 5 என்றால் 50,000, 6 என்றால் 1,00,000. அவர் காட்டிய 6 இதுதான். ஒரு நாளைக்குப் பத்து தடவை பூட்டித் திறந்தால்கூட லட்சம் தடவைக்கு 27 வருடம் ஆகும். நல்ல விஷயம், ஆனால் திருடனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாவதும் ஐந்தாவதும் 0 ஆகவே இருக்கும், விட்டுவிடுங்கள். நான்காவது தீக்கதவுக்கானது. ஆறாவது துருவுக்கும் வெப்பநிலைக்கும்: ஏ என்றால் துரு எதிர்ப்பு, பி என்றால் வெப்பநிலை மட்டும், சி என்றால் இரண்டும். தூத்துக்குடிக்கு இங்கே ஏ அல்லது சி இருந்தே ஆக வேண்டும். உங்கள் பூட்டில் ஏ இருக்கிறது, சரி.

திருடனுக்காகப் படிக்க வேண்டியவை கடைசி இரண்டு இடங்கள்தான்.

ஏழாவது, சாவி சார்ந்த பாதுகாப்பு, 1 முதல் 6 வரை. 3 என்றால் குறைந்தது 15,000 வேறுபட்ட சாவிகள், 5 பின் (சாவி தூக்கிவிடும் சிறு ஊசிகள்). 5 என்றால் 30,000 சாவிகள், 6 பின். 6 என்றால் 1,00,000 சாவிகள், 6 பின். அடுத்த தெரு வீட்டுச் சாவி உங்கள் கதவைத் திறக்குமா என்ற கேள்விக்கு இது பதில். கம்பி விட்டு நெம்பித் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இந்த எண் சொல்லாது. அந்தச் சோதனையே ஈ.என் 1303-ல் கிடையாது.

எட்டாவது, உடைப்பு எதிர்ப்பு. உங்களுடையது 0. அதாவது ட்ரில், உளி, முறுக்கு எதற்கும் அந்த சிலிண்டர் உறுதி தரவில்லை. சாதாரணப் பித்தளை சிலிண்டரில் 6 மி.மீ. ட்ரில் பிட் வெண்ணெயில் போவது போலப் போகும். இந்த இடத்தில் 2005 பதிப்பில் 0, 1, 2 என்று எண்கள் இருக்கும். 2015 பதிப்பில் 0, பிறகு ஏ, பி, சி, டி என்று எழுத்துகள். பழைய பதிப்பின் 1 என்றால் ட்ரில் பிட் உலோகத்தில் பட்டிருக்கும் நிகர நேரம் 3 நிமிடம், பிட் மாற்றுவதெல்லாம் சேர்த்து மொத்தம் 5. அதன் 2 என்றால் நிகரம் 5 நிமிடம், மொத்தம் 10. புதியதில் சி, டி இரண்டிலும் சிலிண்டரைப் பிடுங்கி இழுக்கும் சோதனையும் சேரும், டி உச்சம். வீட்டுத் தலைவாசலுக்குப் பழைய 2, இல்லையென்றால் புதிய பி-க்குக் கீழே இறங்காதீர்கள். பி என்றால் வெளியே கெட்டியான பாதுகாப்புத் தகடு கட்டாயம்.

ஆன்சியில் கணக்கு தலைகீழ், கிரேடு 1 தான் உச்சம், 3 கடைசி. இதைத் தெரியாமல் "3 பெருசுதானே" என்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. தனி டெட்போல்ட்டுக்கு கிரேடு 1 என்றால் 2,50,000 தடவை உழைப்பு, 2 என்றால் 1,50,000, 3 என்றால் 1,00,000. இதோடு கதவை மோதும் சோதனையும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கென்று இன்னொரு முறையில் மூன்று எழுத்து போடுவார்கள்: பாதுகாப்பு, உழைப்பு, பூச்சு என்ற வரிசையில் ஏ, பி, சி. "சி ஏ ஏ" என்றால் பளபளப்பு நன்றாக இருக்கும், பாதுகாப்பு கடைசித் தரம்.

8 லீவருக்கு வருகிறேன். பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்கும் பி.எஸ் 3621 தரத்து மார்ட்டிஸ் பூட்டுகள் பெரும்பாலும் 5 லீவர்தான். அதில் குறைந்தது 1,000 வேறுபட்ட சாவிகள், நாக்கு 20 மி.மீ. வெளியே வர வேண்டும், ட்ரில்லுக்கும் ரம்பத்துக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வரிசையாக நிபந்தனைகள். எந்தச் சோதனையும் இல்லாத 8 லீவரை விட, இதெல்லாம் தேறிய 5 லீவர் எவ்வளவோ மேல்.

நம் ஊர்த் தரமும் உண்டு. மார்ட்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ் 2209, தொங்கும் பூட்டுக்கு ஐ.எஸ் 275. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதற்கு மேலே ஐ.எஸ் எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். எண் இல்லாத முத்திரையை வெறும் படம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உளியும்_கொட்டாப்புளியும்

மேலே சொன்னது அத்தனையும் சோதனைச்சாலையில் இரும்புச் சட்டத்தில் பூட்டைப் பொருத்திப் பார்த்தது. இங்கே திருடன் கொண்டுவருவது கடப்பாரை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விட்டு நெம்புவான். அப்போது சிலிண்டரின் எட்டாவது எழுத்து ஒன்றும் செய்யாது. நாக்கு நிலைக்குள் எவ்வளவு போயிருக்கிறது, நிலை சுவரில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதுதான் பேசும். ஆகவே ஆசாரி வருவதற்கு முன் சிலதைச் சொல்லி வைக்கிறேன்.

மார்ட்டிஸ் பாடி, அதாவது கதவுக்குள் போகும் பெட்டி, சுமார் 16 மி.மீ. கனம். 38 கதவில் குடைந்தால் இரண்டு பக்கமும் 11, 11 மிஞ்சும், போதும். 32 ஃபிளஷ் டோரில் 8 தான் மிஞ்சும், அதிலும் மேலே ஒட்டிய பலகை போக என்ன இருக்கும்? பின்வாசலுக்கு மார்ட்டிஸ் வேண்டாம். உள்பக்கம் மாட்டும் ரிம் லாக் போடுங்கள், இல்லையென்றால் வெளியில் சாவியே இல்லாமல் மேலும் கீழும் தாழ்ப்பாள் போதும். ஃபிளஷ் டோரில் பூட்டுக்கென்று கட்டை வைத்த இடம் தனியாக உண்டு. எந்தப் பக்கம் என்று கதவின் விளிம்பில் குறி இருக்கும், இல்லையென்றால் கடையில் கேளுங்கள். அந்தக் கட்டை இல்லாத பக்கத்தில் ஸ்க்ரூ போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

தேக்குக் கதவில் பூட்டின் உயரம் முக்கியம். நடுச் சட்டம் பக்கச் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ளே கழுந்து (நடுச் சட்டத்தின் செருகுமுனை) இருக்கிறது. அங்கேயே குடைந்தால் கழுந்து அறுபட்டு, கதவு அந்த இடத்தில் இரண்டாகிவிடும். பூட்டைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளச் சொல்லுங்கள். பக்கச் சட்டம் 4 இஞ்ச் என்றால் 60 மி.மீ. பேக்செட் (கதவு விளிம்பிலிருந்து சாவித்துளை வரை உள்ள தூரம்) பூட்டுக்கு இடம் நெருக்கம். பாடிக்குள் சாவித்துளைக்குப் பின்னாலும் 25 மி.மீ. வரை போகும், மொத்தம் 85 மி.மீ. குழி. 100 மி.மீ. சட்டத்தில் 15 தான் மிஞ்சுகிறது. 45 அல்லது 50 பேக்செட் கேட்டு வாங்கினால் கதவு பிழைக்கும்.

நிலையில் வரும் துளைதான் பெரும்பாலான வேலையில் சொதப்பும் இடம். நாக்கு 20 மி.மீ. வருகிறது என்றால் நிலையில் 25 ஆழம் வேண்டும். அவசரத்தில் 12, 13 வரை உளியை விட்டுத் தகட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். சாவி ஒரு சுற்று சுற்றும், இரண்டாவது சுற்று பாதியில் நிற்கும். வீட்டுக்காரர் "புதுப் பூட்டு, டைட்டா இருக்கு" என்று விட்டுவிடுவார். நாக்கு முழுதும் வெளியே வராவிட்டால் உள்ளே இருக்கும் தடை விழாது. வெளியிலிருந்து தட்டையான கம்பி விட்டுத் தள்ளினால் நாக்கு பின்னால் போய்விடும்.

சோதிப்பது சுலபம். கதவைத் திறந்து வைத்துப் பூட்டி, சாவி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். நாக்கின் நுனியைக் கட்டை விரலால் அழுத்துங்கள், ஒரு மில்லிகூட உள்ளே போகக் கூடாது. பிறகு கதவைச் சாத்திப் பூட்டுங்கள். அதே எண்ணிக்கை வர வேண்டும். அரைச் சுற்று குறைந்தாலும் ஆசாரியை விடாதீர்கள். துளை எங்கே முட்டுகிறது என்று தெரிய நாக்கின் நுனியில் சாக்பீஸ் தடவிப் பூட்டினால் நிலையில் தடம் விழும்.

கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி 3 மி.மீ. இருக்கலாம். 6 ஆனால் 20 மி.மீ. நாக்கில் நிலைக்குள் இருப்பது 14 தான், கடப்பாரை நுழையவும் வழி.

நிலையில் வரும் தகட்டின் ஸ்க்ரூ: செட்டோடு வரும் அரை இஞ்ச் பித்தளை ஸ்க்ரூவை அப்படியே தூக்கி வைத்துவிடுங்கள். 8-ஆம் நம்பர், 50 மி.மீ. எஸ்.எஸ். 304 ஸ்க்ரூ. வேங்கை கடினம், 3 மி.மீ. பைலட் துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்பு தடவி இறக்க வேண்டும். நேரடியாக அடித்து முறுக்கினால் தலை அறுந்து பாதி உள்ளே நிற்கும். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு "3 இஞ்ச் ஸ்க்ரூ போடு" என்பார்கள். அங்கே நிலை மெல்லிய பலகை, பின்னால் இருக்கும் தூணைப் பிடிக்க 3 இஞ்ச் வேண்டும். நம் நிலையே 3 இஞ்ச் கட்டை.

நமக்குப் பலவீனம் நிலைக்கும் சுவருக்கும் நடுவில். நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்டுபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று இருக்கும், பூட்டு உயரத்தில் பெரும்பாலும் இருக்காது. அங்கே நிலைக்கால் வழியாகச் சுவருக்குள் 10 மி.மீ. ஃபிரேம் ஆங்கர் ஒன்று, 135 முதல் 150 மி.மீ. நீளம், தகட்டுக்கு ஒரு சாண் மேலே ஒன்று, கீழே ஒன்று. தலையைக் காடிக்குள் (நிலையில் கதவு உட்காரும் பள்ளம்) அமுக்கி, மேலே மரச்செருகல் வைத்து இழைத்துவிட்டால் தெரியாது. பூச்சு வேலைக்கு முன் சொன்னால் இது அரை மணி நேர வேலை.

முத்துநகர்வாசி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. வேறு கடையில் 1 6 0 0 0 சி 6 2 என்ற சிலிண்டர் கிடைத்தது. நீளம் 70 மி.மீ. மட்டும்தான் கையிருப்பு, "கொஞ்சம் வெளியே நிற்கும், பார்க்க எடுப்பாத்தான் இருக்கும்" என்கிறார். பரவாயில்லையா?

ஹாரோ_வாசி

அப்படி எடுப்பாக வெளியே நிற்கக் கூடாது. இங்கே லண்டனில் சிலிண்டரை ஒடித்துத் திறப்பது பழைய தொல்லை, அதற்காகவே தனித் தரம் போட வேண்டியதாயிற்று. இந்த வகை சிலிண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் பாடியோடு பிடிக்கும் எம்5 திருகுக்கு ஒரு துளை இருக்கிறது, அதே இடத்தில் சாவி சுழற்றும் கொக்கிக்காகவும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் போக அங்கே மிஞ்சும் உலோகம் மிகக் குறைவு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து வளைத்தால் ஒடிவது அந்த இடத்தில்தான். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டு திறந்துவிடும். ஈ.என் 1303-ன் எட்டாவது இடம் ட்ரில்லை நன்றாகச் சோதிக்கிறது, ஒடிப்பதை நம்பி அதை வாங்காதீர்கள்.

உங்கள் கணக்கைப் போடுவோம். கதவு 38. வெளித்தகடு, உள்தகடு ஆளுக்கு 10 என்றால் மொத்தம் 58. பாடி நடுவில் இருந்தால் நடுத்திருகிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 19 + 10 = 29. எடுக்க வேண்டியது 30/30, அதாவது 60 மி.மீ. சிலிண்டர். தகட்டுக்கு வெளியே 1 மி.மீ. நிற்கும். 70 வாங்கினால் 35/35, வெளியே 6 மி.மீ., ரெஞ்சுக்குப் பிடி கிடைத்துவிடும். 2 மி.மீ. வரை பொறுக்கலாம், 3-க்கு மேல் வேண்டாம். வெளிப்பக்கம் 15 மி.மீ. கெட்டித் தகடு போடுவதாக இருந்தால் 34 + 29, அப்போது 35/30. அளவை நடுத்திருகிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள், மொத்த நீளத்தை மட்டும் சொன்னால் 35/30-ஐத் திருப்பி மாட்டிவிடுவார்கள்.

இங்குள்ள டி.எஸ் 007 தரம் ஒடிப்பது, ட்ரில் போடுவது, தட்டித் திறப்பது, கம்பி விட்டுத் திறப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. மூன்று நட்சத்திரம் வேண்டும். சிலிண்டரே மூன்று நட்சத்திரமாக இருக்கலாம், அல்லது ஒரு நட்சத்திர சிலிண்டரும் இரண்டு நட்சத்திரக் கைப்பிடித் தகடும் சேரலாம். இங்குள்ள சோல்ட் செக்யூர் அமைப்பின் டைமண்ட் சான்றும் இதற்கு நிகரானது. நட்சத்திரமும் கைட்மார்க் என்ற பிரிட்டிஷ் தரச் சின்னமும் சிலிண்டரின் முகத்திலேயே பொறித்திருக்கும். டப்பாவில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த வகை சிலிண்டரில் முன்பக்கம் ஒரு வெட்டுக்கோடு இருக்கும், ஒடித்தால் அதுவரை மட்டும் உடைந்து, மீதி உள்ளேயே நின்று பூட்டைக் காக்கும்.

உள்ளே சாவியா, குமிழா என்றீர்கள். பிரிட்டிஷ் தரங்கள் இதைத் தனித்தனி எண்ணாகவே பிரித்திருக்கின்றன. பி.எஸ் 3621 என்றால் இரண்டு பக்கமும் சாவி. பி.எஸ் 8621 என்றால் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கலாம். பூட்டின் பலத்தில் வித்தியாசம் இல்லை. இரவில் சமையலறையில் தீ, மின்சாரம் இல்லை, சாவி எங்கேயோ. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குக் குமிழ்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: கதவில் கண்ணாடி இருந்தாலோ, கை எட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்தாலோ, கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுக் குமிழைத் திருப்புவார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கிரில் போடுங்கள்.

இரண்டு பக்கச் சாவிதான் வேண்டும் என்றால் எமர்ஜென்சி வசதி (உள்ளே சாவி இருந்தாலும் வெளிச்சாவி திறப்பது) உள்ளதா என்று கேளுங்கள். சாதாரண சிலிண்டரில் உள்ளே சாவியைச் செருகி அப்படியே விட்டால் வெளிச்சாவி திருகாது. உள்ளே தனியாக இருக்கும் பெரியவர் மயங்கிக் கிடந்தால் கதவை உடைப்பதைத் தவிர வழியில்லை.

சாவிக்கொத்து

சேர்த்து இரண்டு விஷயம். சிலிண்டர் நன்றாக இருந்து பாடி மட்டமாக இருந்தால் என்ன பயன்? பாடிக்குத் தனி எண் ஈ.என் 12209, அதில் பாதுகாப்பு 1 முதல் 7 வரை. கைப்பிடித் தகட்டுக்கு ஈ.என் 1906, அதில் பாதுகாப்பு 0 முதல் 4 வரை. நம் கடைகளில் செட்டாக விற்கும்போது சிலிண்டரின் எண்ணை மட்டும் டப்பா முழுவதற்கும் எழுதிவிடுவார்கள். "ஈ.என் 1303 மார்ட்டிஸ் செட்" என்று இருந்தாலே கேளுங்கள், பாடியின் எண் எங்கே என்று.

கதவு, நிலை, பூட்டு, கீல் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கும் தரமும் ஒன்று உண்டு, ஈ.என் 1627. ஆர்.சி 2 என்றால் ஸ்க்ரூடிரைவர், ஆப்பு மாதிரிக் கருவிகளோடு 3 நிமிடத் தாக்குதல், ஆர்.சி 3 என்றால் கடப்பாரையும் சேர்ந்து 5 நிமிடம். தொழிற்சாலையில் செட்டாகச் செய்து வரும் கதவுகளுக்குத்தான் இது கிடைக்கும், ஆசாரி செய்த தேக்குக் கதவுக்குக் கிடையாது. ஆனால் கடப்பாரைச் சோதனையில் மொத்தக் கணக்கே 5 நிமிடம்தான் என்பதைப் பாருங்கள். மேலே ஆசாரி அண்ணன் நிலையைப் பற்றி அவ்வளவு சொன்னது சும்மா இல்லை.

கருவாட்டுப்பொட்டல்

உப்புக்காத்துக்காரன் என்ற முறையில் ஒரு மறுப்பு. எல்லாரும் பின் சிலிண்டரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். கடலோரத்தில் மணலும் உப்பும் சேர்ந்து பின் சிலிண்டரை இறுக்கிவிடும், லீவர் பூட்டு தூசிக்கு அவ்வளவு சீக்கிரம் சிக்காது. நல்ல கம்பெனி லீவரைப் பின்வாசலுக்காவது தள்ளிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம், தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ சிலிண்டருக்குள் விடாதீர்கள். முதல் வாரம் வழுவழுப்பாக இருக்கும், பிறகு மணலைப் பிடித்துப் பசையாகிவிடும். கிராஃபைட் பொடி அல்லது உலர்ந்த பி.டி.எஃப்.இ. ஸ்ப்ரே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்றையே தொடர்ந்து போடுங்கள், கலந்தால் கட்டி பிடிக்கும். தகடு, கைப்பிடி வாங்கும்போது உப்புத்தூவல் சோதனை எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஈ.என் 1670 கணக்கில் 96 மணி நேரம் கிரேடு 3, 240 மணி நேரம் கிரேடு 4, 480 மணி நேரம் கிரேடு 5. உங்கள் தூரத்துக்கு 240 கேளுங்கள். "பி.வி.டி கோட்டிங்" என்று மட்டும் சொன்னால் அது பூச்சு போட்ட முறையைச் சொல்வது, எத்தனை மணி நேரம் என்பதை அல்ல.

மாமா சொன்ன ஆல்டிராப் விஷயம்: திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது ஊருக்கும் கைத்தொழிலுக்கும் கிடைத்த மரியாதை. எத்தனை நிமிடம் தாங்கும் என்று அளந்து கொடுத்ததல்ல. தொங்கும் பூட்டுக்கு அந்த அளவு ஈ.என் 12320, 1 முதல் 6 வரை. 3-க்குக் கீழே வெளிவாசலுக்கு வேண்டாம். எவ்வளவு நல்ல பூட்டைத் தொங்கவிட்டாலும், ஆல்டிராப்பையும் நாதாங்கியையும் மர ஸ்க்ரூவில் பிடித்திருந்தால் பூட்டைத் தொடாமலே நாதாங்கியோடு பிடுங்கிவிடுவார்கள். கதவு வழியாகப் போகும் போல்ட்டு போட்டு உள்ளே வாஷரும் நட்டும் முறுக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லும்.

உளியும்_கொட்டாப்புளியும்

லீவர் பூட்டு பின்வாசலுக்கு என்றால் ரிம் வகையில் எடுக்கட்டும், 32 கதவைக் குடைய நான் சம்மதிக்க மாட்டேன். ரிம் லாக்கிலும் நிலையில் மாட்டும் பெட்டிதான் முதலில் பெயரும். உதைத்தால் மொத்த விசையும் அதன் நாலு ஸ்க்ரூ மேல் விழுகிறது. நிலையின் முகத்தில் மட்டும் பிடிக்காமல், காடிப் பக்கமும் மடிந்து பிடிக்கும் எல் வடிவப் பெட்டி வருகிறதா பாருங்கள்.

மூன்றாவதாகக் காட்டிய டெட்போல்ட்டையும் ஒதுக்க வேண்டாம். நாக்கு 25 மி.மீ. வரும், வேலை சுத்தம்: கதவின் முகத்தில் 54 மி.மீ. துளை, விளிம்பில் 25 மி.மீ. துளை, பேக்செட் 60 அல்லது 70. பாக்கெட் குடையாததால் மரம் அதிகம் போகாது. 35 முதல் 45 கனக் கதவுக்குப் பொருந்தும், உங்கள் 38 சரி. கிரேடு 1 கிடைத்தால் தலைவாசலில் மார்ட்டிஸுக்கு ஒன்றரை அடி மேலே இரண்டாவது பூட்டாக மாட்டலாம். கடப்பாரைக்கு எதிராகக் கதவு இரண்டு இடத்தில் பூட்டியிருப்பது, ஒரே இடத்தில் விலையுயர்ந்த பூட்டு இருப்பதை விட நல்லது.

முத்துநகர்வாசி

60 மி.மீ. 30/30, ஒரு பக்கம் குமிழ் என்று ஆர்டர் கொடுத்தாயிற்று, வர பத்து நாள் ஆகுமாம். இடையில் டிஜிட்டல் லாக் பற்றியும் ஒருவர் சொன்னார், விரல்ரேகை, "ஐ.பி. 65 ரேட்டிங்" என்று. அது பாதுகாப்பு ரேட்டிங்கா?

சாவிக்கொத்து

ஐ.பி. என்பது தூசிக்கும் தண்ணீருக்கும். 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீர் தாங்கும். திருட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. டிஜிட்டல் லாக் வாங்கினால் மூடிக்குள் ஒளிந்திருக்கும் மெக்கானிக்கல் சாவித் துவாரத்தைப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் பூட்டில் முந்நூறு ரூபாய் சிலிண்டர் இருக்கும், எட்டாவது இடம் 0. இன்னொன்று, சாத்தினதும் தானாக விழுவது சரிவான லேட்ச்சா, நேரான டெட்போல்ட்டா என்று கேளுங்கள். லேட்ச் மட்டும் என்றால் அது பூட்டு இல்லை, கதவைச் சாத்தி வைக்கும் சாதனம். பேட்டரி செத்தால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியோ டைப் சி கேபிளோ வைத்துத் திறக்கும் வசதியும் வேண்டும்.

பத்து நாள் கழித்து சிலிண்டர் வந்ததும் உடனே மாட்டிவிடாதீர்கள். பாடியைப் பொருத்தி, துளையெல்லாம் போட்டு முடிக்க ஒரு சாதாரண 60 மி.மீ. சிலிண்டரை வாங்கிக் கொடுங்கள். பெயின்டர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் வேலைக்காரர் என்று பத்து பேர் கையில் அந்தச் சாவி சுற்றட்டும். குடிபோகிற அன்று விளிம்பில் இருக்கும் எம்5 திருகு ஒன்றைக் கழற்றி, சாவியைச் செருகிக் கொஞ்சம் திருப்பினால் கொக்கி பாடிக்குள் மறைந்து பழையது உருவி வரும். புதியதைச் செருகித் திருகை முறுக்குங்கள், அதிகம் முறுக்கினால் சாவி கனமாகத் திருகும். சாவிப் பாக்கெட் சீல் உடையாமல், சாவி அட்டையோடு இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டும்.